ஏழாம் இணைப்பு

எதிர்மனு மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பக்கம். அதில் ஒரு பக்கத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஹுமேராவிடம் பதில் இருந்தது. அந்த ஒரு பக்கத்தைப் படித்ததும் அவள் நாற்காலியை விட்டு எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள். கீழே உக்கடம் சாலையில் பேருந்துகள் ஒன்றையொன்று உரசாமல் எப்படியோ திரும்பிக்கொண்டிருந்தன. வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தின் மேலே ‘ஏழாம் இணைப்பு’ என்று இருந்தது. திருப்பூரில் நடந்த ஓர் இயந்திரக் கண்காட்சியில் யாரோ செல்போனில் எடுத்து யூடியூபில் போட்ட காணொளியின் எழுத்து வடிவம் அது. கேள்வி கேட்டவர், “இது எப்படிங்க?” என்கிறார். பதில் சொல்பவர் ஹுமேராவின் கட்சிக்காரர் சென்னியம்மாள். “இதுல என்னங்க இருக்குது? நமக்குத் தோணுச்சு, செஞ்சுபோட்டோம். யாரு வேணாலும் செய்யலாமுங்க.”

அதற்குக் கீழே சான்றொப்பமிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு. அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. தப்பிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று ஹுமேரா நினைத்தாள்.

அவள் காப்புரிமை முகவர். வேதியியலில் முதுகலை படித்துவிட்டு ஏழு வருடம் ஒரு ஆலையின் ஆய்வகத்தில் இருந்தவள். அதன்பின் முகவர் தேர்வில் தேறி, பெரியப்பா மகனின் கண்ணாடிக் கடைக்கு மேலே இந்த அறையைப் பிடித்தாள். பம்பு செய்கிறவர்களும் கிரைண்டர் செய்கிறவர்களும்தான் பெரும்பாலும் வருவார்கள். ஒரு மூடியையோ ஒரு கைப்பிடியையோ காட்டி, இதற்குப் பேட்டன்ட் கிடைக்குமா என்பார்கள். வேதியியல் படித்ததற்கு வேலை வைத்த முதல் ஆள் சென்னியம்மாள்தான். மூன்று வருடத்துக்கு முன், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஊதா நிறக் குழம்பை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

பல்லடத்தில் அவருக்கு ஸ்கிரீன் பட்டறை. பனியன் மேல் படம் அச்சடிக்க, சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலை வேண்டும். அந்த வலையில் ஒரு குழம்பைப் பூசிக் காயவைத்து, மேலே படத்தை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். படாத இடம் தண்ணீரில் கழுவினால் கரைந்து போகும். அந்த ஓட்டை வழியாகத்தான் துணியில் மை இறங்கும். அந்தக் குழம்புக்குத் தொழிலில் எமல்ஷன் என்று பெயர். தண்ணீர் கலந்த மையில் ஆயிரக்கணக்கில் அடித்தால் பூச்சு ஊறிப் பிய்ந்துவிடும். பிய்யாமலிருக்க ஒரு மருந்தைத் தடவுவார்கள். தடவினால் அப்புறம் பூச்சை உரிக்க முடியாது. வேலை முடிந்ததும் வலையை வெட்டி எறிய வேண்டியதுதான்.

சென்னியம்மாள் செய்தது இதுதான். புளியங்கொட்டை மாவை ஒரு விதமாகப் பக்குவப்படுத்தி, ஒரு குறிப்பிட்ட அளவில் எமல்ஷனில் சேர்த்தார். பூச்சு பன்னிரண்டாயிரம் பனியனுக்கு நின்றது. முடிந்தபின் சாதாரணமாக உரிந்தும் வந்தது.

சட்டம் இதில் கேட்கிற கேள்வி ஒன்று: துறை தெரிந்த ஒருவருக்கு இது வெளிப்படையாகத் தோன்றியிருக்குமா? தோன்றியிருக்கும் என்றால் காப்புரிமை கிடையாது. எதிர்மனு போட்ட பெரிய ரசாயன நிறுவனம் இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டியிருந்தது. ஒன்று, ஒளி பட்டால் இறுகும் பாலிமர் பற்றிய ஜப்பானியக் காப்புரிமை. இன்னொன்று, விதைப்பசையை ஒளியால் இறுக்கி உணவுப் பொட்டலத்துக்கு உறை செய்தவர்களின் ஆய்வுக் கட்டுரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சென்னியம்மாளின் கலவை தானாக வந்துவிடுகிறது என்றது. அதற்கு எழுதலாம், பேசலாம். ஆனால் கண்டுபிடித்தவரே யாரு வேணாலும் செய்யலாம் என்று சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாரே, அதற்கு என்ன எழுதுவது?

விசாரணைக்குப் பதினோரு நாள் இருந்தது. கலவையின் செய்முறை முழுவதும் விண்ணப்பத்தோடு ஏற்கனவே வெளியாகிவிட்டது. உரிமை மறுக்கப்பட்டால் அது ஊருக்கெல்லாம் சொந்தம். முதலில், பெரிய கொப்பரைகள் வைத்திருக்கிற அந்த நிறுவனத்துக்குச் சொந்தம். இதைச் சென்னியம்மாள் என்று ஒருத்தர் செய்தார் என்பதற்குத் தடயமே இருக்காது.

மறுநாள் காலை அவள் பல்லடம் பேருந்தில் ஏறினாள். சூலூர் தாண்டும்போது ஒரு யோசனை வந்தது. மடியிலேயே வைத்து எழுதி முடித்தாள்.

பட்டறையில் பூச்சறை மட்டும் மஞ்சள் வெளிச்சத்தில் இருக்கும். வெள்ளை வெளிச்சம் பட்டால் எமல்ஷன் இறுகிவிடும். சேலைக்கு மேல் ஆண்சட்டை போட்டுக்கொண்டு காளியாத்தாள் பிரேம்களுக்குப் பூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடமாக அதே வேலை. சென்னியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வெயிலில் வந்ததற்கு மோர் கொடுத்து, அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் உட்கார்ந்தார். ஹுமேரா செல்போனில் காணொளியை ஓடவிட்டாள். மூன்று பேரும் தலையை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

“சீல நல்லாத்தான் இருக்குது” என்றார் காளியாத்தாள். “பேசுனதுதான் ஆகலையாட்ட இருக்குதுங்க.”

சென்னியம்மாளுக்குப் புரியவில்லை. இதில் என்ன தப்பு என்று கேட்டார். ஹுமேரா விளக்கினாள். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் வந்தது பயமில்லை, ஒருவிதக் குழப்பம்.

“பின்ன என்னங்க அம்மணி சொல்றது? நாலு பேரு நிக்கற எடத்துல, ஆமாங்க நாந்தான் செஞ்சேன், வேற ஒருத்தராலும் முடியாதுன்னு நானே சொல்லிக்கறதுங்களா?”

ஹுமேரா பேருந்தில் எழுதியதை நீட்டினாள். பிரமாணப் பத்திரத்தின் ஒரு பத்தி. ‘யாரு வேணாலும் செய்யலாம்’ என்பதை, இந்த எமல்ஷனைப் பயன்படுத்துவது யாருக்கும் எளிது என்ற பொருளில்தான் கூறினேன். தயாரிப்பதைப் பற்றி அல்ல. அழகான பத்தி. கேள்வியும் கொஞ்சம் மொட்டையாக இருந்ததால் அதற்குப் பொருந்தியும் வந்தது.

சென்னியம்மாள் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். பிறகு காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். பக்கத்துத் தறிக்குடோனின் சத்தம் மட்டும் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது.

“நெம்ப நல்லா எழுதியிருக்கறீங்க. ஆனா நான் அதுக்குச் சொல்லலீங்களே.”

“அக்கா, அந்தக் கேள்விக்கே ரெண்டு அர்த்தம் இருக்குதுங்க.”

“கேள்விக்கு இருக்குமுங்க. என்ற வாயில ஒண்ணுதானுங்க இருந்துச்சு.” காகிதத்தை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “இதுல ஒரு பொய்ய வெச்சுட்டா, அந்த நாலு வருசமும் பொய்யாட்டத் தெரியுமுங்க.”

அந்த நாலு வருடம் ஹுமேராவுக்குத் தெரியும். விண்ணப்பத்தில் எழுதியவளே அவள்தான். ஒரு நாள், பாவு நூலுக்குக் கஞ்சி போடும் புளியங்கொட்டைப் பசை காய்ந்திருந்த வாளியைக் கழுவாமல் யாரோ அதில் எமல்ஷனை ஊற்றிவிட்டார்கள். பன்னிரண்டு பிரேம் பூசிவிட்ட பிறகுதான் தெரிந்தது. அவசர ஆர்டர், வேறு வழியில்லாமல் அச்சுப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். பதினொன்று பிய்ந்து வந்தது. ஒன்று மட்டும் புதிதுபோலத் திரும்பி வந்தது. யாராக இருந்தாலும் பிய்ந்த பதினொன்றைப் பற்றித்தான் கவலைப்பட்டிருப்பார்கள். சென்னியம்மாள் அந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு வருடம் அலைந்தார்.

ஹுமேரா காகிதத்தைப் பைக்குள் போட்டாள். கோபம்தான் முதலில் வந்தது. இவருக்காகத்தானே எழுதினேன் என்ற கோபம். அது அடங்கியதும், பேருந்தில் அந்தப் பத்தியை எழுதி முடித்தபோது தனக்கு வந்த சந்தோஷம் நினைவுக்கு வந்தது. அதை நினைக்கக் கூச்சமாக இருந்தது.

கிளம்பலாம் என்று எழுந்தபோது வெளியே ஒரு மினிவேன் வந்து நின்றது. அடுத்த கட்டடத்து அச்சுப் பட்டறைக்கு வந்த புளியங்கொட்டைப் பசை. வெயிலுக்குப் பயந்து ஓட்டுநர் வாளிகளைப் பூச்சறை வாசல் நிழலில் இறக்கினார். காளியாத்தாள் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்.

“ஏனுங்கோ, கண்ணு தெரியுதுங்களா இல்லீங்களா? எமல்சன் ஊட்டுகிட்ட ஆராவது பசையக் கொண்டாந்து வெப்பாங்களா? அக்கட்ட எடுங்க மொதல்ல.”

“வெச்சா என்னக்கா, கடிச்சா போடும்?”

“கடிக்காது. உள்ள இருக்கறது பூராவும் ஊறிப் பஞ்சாப் போயிரும். உங்க மொதலாளி வந்து கழுவித் தருவாருங்களா?”

வாளிகள் போன பிறகு ஹுமேரா மெதுவாகக் கேட்டாள், சென்னியம்மாள் அக்காவே அதே பசையைத்தானே உள்ளே கலக்கிறார் என்று. காளியாத்தாள் குரலைத் தாழ்த்தினார். அது பக்குவம் பண்ணி, எடை பார்த்துப் போடுவது என்றார். “அதும் அவிங்க போடறப்ப நான் அந்தப் பக்கம் திரும்பறதே இல்லீங்க. இன்னும் எனக்குப் பகீருங்குது.”

திரும்பிய பேருந்தில் ஹுமேராவுக்கு உட்கார இடம் கிடைத்தது. யோசிக்க நிறைய இருந்தது.

சட்டம் கற்பனை செய்துவைத்திருக்கிற அந்தத் துறை தெரிந்த ஆளைப் பத்து வருடமாக அவளுக்குப் பழக்கம். அவருக்கு வயதில்லை, ஊரில்லை, வீட்டில் காத்திருக்க ஆளில்லை. அவருடைய துறையில் உலகத்தின் எந்த மொழியில் எது வெளியானாலும் படித்துவிடுவார். படித்தது எதையும் மறக்கமாட்டார். எல்லாம் தெரிந்த அவருக்குப் புதிதாக ஒன்று மட்டும் தோன்றவே தோன்றாது. அப்படித் தோன்றிவிட்டால் அவர் அந்த ஆளே இல்லை. அவரை நினைத்தாலே ஹுமேராவுக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும். எப்போதும் அவரை வெள்ளைக் கோட்டு போட்ட ஜப்பானியராகத்தான் அவள் மனதில் வைத்திருந்தாள். இன்றைக்குத்தான் அவர் சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, மஞ்சள் அறையிலிருந்து ஓடிவந்து, பசை வாளியைப் பார்த்துக் கத்தினார். அவர் அந்த இரண்டு ஆவணங்களையும் படித்திருக்கட்டும். படித்துவிட்டு அடுத்து என்ன செய்திருப்பார்? வாளியை அக்கட்ட எடுக்கச் சொல்லியிருப்பார்.

அடுத்த நான்கு நாள் அவிநாசி, திருப்பூர், பல்லடம் என்று ஸ்கிரீன் பட்டறைகளாக ஏறி இறங்கினாள். முதல் நாள் வீணாகப் போனது. எமல்ஷனில் புளியங்கொட்டை மாவைப் போடலாம் என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியதுண்டா என்று கேட்டாள். போகிற இடத்திலெல்லாம் டீ கொடுத்து உட்காரவைத்து, தோன்றியது என்றார்கள். ஒருவர் தனக்கு ரெண்டாயிரத்துப் பத்திலேயே தோன்றியது, ஆனால் நேரமில்லை என்றார். இன்னொருவர், தோன்றியதைத் தாமே சென்னியம்மாளிடம் சொன்னதாகக்கூட ஞாபகம் என்றார். யாரும் பொய் சொன்னதாக ஹுமேராவுக்குப் படவில்லை. தெரிந்துவிட்ட ஒன்று எப்போதும் தெரிந்தே இருந்ததுபோலத்தான் மனதுக்குத் தோன்றும்.

இரண்டாம் நாளிலிருந்து கேள்வியை மாற்றினாள். உங்கள் பட்டறையில் பசை வாளியை எங்கே வைப்பீர்கள்? ஒன்பது பட்டறையிலும் ஒரே பதில். பூச்சறையிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம். ஆறு இடத்தில், பசை உள்ளே வரக்கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. அவிநாசிப் பட்டறையில் தண்ணீர் பிடித்து வைத்திருந்த நீலப் பீப்பாயின் பக்கவாட்டில் பழைய லேபிள் ஒன்று பாதி உரிந்து தொங்கியது. எதிர்மனு போட்ட அதே நிறுவனத்தின் எமல்ஷன் பீப்பாய். நான்கு மொழியில் எச்சரிக்கை. தமிழில் இப்படி இருந்தது: ‘கஞ்சி, பசை வகைகளுடன் சேரவிடாதீர். பூச்சு கெடும்.’ தயாரித்த வருடம், சென்னியம்மாள் விண்ணப்பித்ததற்கு ஐந்து வருடம் முந்தையது.

ஹுமேரா அதைப் பல கோணத்தில் படமெடுத்தாள். பட்டறைக்காரர், வேண்டுமானால் பீப்பாயையே எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

விசாரணை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. இப்போதெல்லாம் காணொளி வழியாகத்தான். சென்னியம்மாள் ஒரு மணிக்கே நான்கு தேங்காயோடு வந்துவிட்டார். ஹுமேரா உள்ளே லுஹர் தொழுதுவிட்டு வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். பதிலுக்கு என்ன சொல்லவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஹுமேராவும் சொல்லவில்லை.

சென்னைக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து, முடிவு சொல்ல வேண்டிய கன்ட்ரோலர் பிந்து திரையில் வந்தார். ஐம்பதை நெருங்கும் முகம், தடித்த சட்டமிட்ட கண்ணாடி. எதிர்த்தரப்பு முகவர் அருண்குமார், தாராபுரத்துக்காரர். சின்ன வயது, நன்றாகப் படித்து வந்திருந்தார். ஆங்கிலத்தில் நாற்பது நிமிடம் பேசினார். ஜப்பானிய ஆவணத்தையும் ஆய்வுக் கட்டுரையையும் சென்னியம்மாளின் கலவையையும் மூன்று நிறத்தில் ஒரு அட்டவணையாகப் போட்டுக் காட்டினார். எதிரியாக இருந்தும் ஹுமேராவுக்கு அந்த அட்டவணை பிடித்திருந்தது. கன்ட்ரோலருக்கும் பிடித்திருக்க வேண்டும். இவ்வளவு தெளிவாக ஒரு ஒப்பீட்டைப் பார்த்து ரொம்ப நாளாகிறது என்றார்.

அருண்குமார் கொஞ்சம் நெளிந்தார். அதில் ஒன்றுமில்லை மேடம், யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள் என்றார்.

ஹுமேராவின் பேனா நின்றது. சென்னியம்மாளுக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் புரியும். மேசைக்குக் கீழே ஹுமேராவின் முழங்காலை ஒரு இடி இடித்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஹுமேரா அவசரமாக அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதி, பக்கத்தில் நேரத்தையும் குறித்தாள். ஒரே அடியில் ஏழாம் இணைப்பை உடைத்துவிடலாம். கன்ட்ரோலரும் சிரித்துவிடுவார். அருண்குமாரின் காது சிவக்கும்.

எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பையன் மரியாதைக்குச் சொன்ன ஒரு சொல்லை எடுத்து அவன் மேலேயே வீசினால், அவன் சென்னியம்மாளுக்குச் செய்ததைத் தானும் செய்ததாகிவிடும். வாக்கியத்தின் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

அவள் முறை வந்தது. ஒன்பது பட்டறைகளின் பதிலையும் எழுதி ஒட்டிய ஆறு கதவுகளையும் காட்டினாள். நீலப் பீப்பாயின் லேபிளைக் காட்டினாள். இந்தத் தொழில் தெரிந்த ஒருவர் அந்த இரண்டு ஆவணங்களையும் ஒன்றாகச் சேர்த்திருப்பார் என்கிறார்கள். சேர்க்காதே என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே அவர்கள்தான் என்றாள். அருண்குமார் விடவில்லை. லேபிள் சொல்வது பச்சைப் பசையை. பக்குவப்படுத்திய பசையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை என்றார். அது நியாயமான பதில் என்று ஹுமேராவுக்கே தோன்றியது. கன்ட்ரோலர் இரண்டையும் குறித்துக்கொண்டார்.

பிறகு ஏழாம் இணைப்பு. திரையில் காணொளி ஓடியது. கண்காட்சியின் இரைச்சல், நல்ல சேலை, சிரித்த முகம். யாரு வேணாலும் செய்யலாமுங்க.

இதற்கு விண்ணப்பதாரரே பதில் சொல்வார் என்றாள் ஹுமேரா.

கன்ட்ரோலர் கண்ணாடியைக் கழற்றினார். தனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம், தமிழிலேயே பேசலாம் என்றார். “இது நீங்க சொன்னதுதானே?”

“சொன்னதுதானுங்க மேடம்.”

“எந்த அர்த்தத்தில் சொன்னீங்க?”

சென்னியம்மாள் பேசவில்லை. திரையில் அருண்குமார் முன்னால் குனிந்து, இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தார். ஹுமேரா திரும்பிப் பார்க்கவும் இல்லை, தொடவும் இல்லை. இந்த மௌனத்தை அவள் பட்டறையில் பார்த்திருக்கிறாள். அதற்கு அடியில் ஏதோ கூடிவருகிறது; அவசரப்படுத்தினால் கலைந்துவிடும்.

“எங்கூட்டுக்கு விருந்தாடி வந்து, சாப்பாடு நல்லாருக்குதுன்னு சொன்னாங்கன்னா, ஒண்ணுமில்லீங்க, இருக்கறத வெச்சு ஆக்குனதுன்னுதானுங்க சொல்லுவோம். வெடியக்காத்தால எந்திரிச்சு ஆக்கியிருப்போம். ஆனாலும் அப்படித்தானுங்க சொல்லோணும். அன்னைக்கும் அதேதான் வாயில வந்துருச்சு.”

கன்ட்ரோலர் தலையசைத்தார். ஆனால் விடவில்லை. “அப்போ, வேறு யாராலும் இதைச் செய்ய முடியாதுன்னு இப்போ சொல்றீங்களா?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல் சென்னியம்மாளின் வாயில் வராது என்பதும் ஹுமேராவுக்குத் தெரியும்.

“அப்படிச் சொல்ல மாட்டனுங்க. செஞ்சு காட்டுன பொறகு யாரு வேணாலும் செய்யலாமுங்க. அதுக்கு முந்தி, என்னாலயே நாலு வருசம் முடியலீங்களே. நூத்தி நாப்பத்தி மூணு தடவ ஊறிப்போச்சுங்க.”

கன்ட்ரோலர் அதைத் தட்டச்சு செய்துகொண்டார். எழுத்துமூல வாதத்தைப் பதினைந்து நாளுக்குள் கொடுங்கள் என்றார். திரை அணைந்தது.

“கெடுத்துப் போட்டனுங்களா அம்மணி?” என்று கேட்டார் சென்னியம்மாள்.

இல்லை என்றாள் ஹுமேரா. உண்மையில் அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததைப் பற்றிப் பேசாமல் இருவரும் கீழே போய் டீ குடித்தார்கள். சென்னியம்மாள் அருண்குமாரைப் பற்றி, நல்ல பையனாட்டத் தெரிகிறது, கண்ணாலம் ஆயிருச்சுங்களா என்று விசாரித்தார்.

ஒன்பது வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை உத்தரவு மின்னஞ்சலில் வந்தது. இருபத்தாறு பக்கம். முடிவு கடைசிப் பக்கத்தில் இருக்கும். ஹுமேரா எப்போதும்போல முதல் பக்கத்திலிருந்தே படித்தாள். அவசரப்பட்டுக் கடைசிக்குப் போனால் நடுவில் இருப்பது கண்ணில் நிற்காது என்பது அவள் சொல்லும் காரணம். பயம்தான் இன்னொரு காரணம்.

பதினெட்டாம் பக்கத்தில் கதவுகளும் பீப்பாயும் வந்தன. தொழிலின் வழக்கம் ஒரு திசையில் இருக்கும்போது அதற்கு எதிர்த்திசையில் போவதைத் துறை தெரிந்தவரின் இயல்பான அடியாகக் கொள்ள முடியாது என்று இருந்தது. இருபதாம் பக்கத்தில் ஏழாம் இணைப்பு. அந்தப் பத்தியை ஹுமேரா மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டே படித்தாள்: ‘கண்டுபிடித்தவர் தம் வேலையைப் பற்றிப் பணிவாகப் பேசியது, துறைக்கு என்ன தெரிந்திருந்தது என்பதற்குச் சான்றாகாது. இது எளிதா என்ற கேள்வி கண்டுபிடித்தவரிடம் கேட்கப்படுவதே இல்லை. மாறாக, ஒரு பணிவான பதிலைத் திருத்திக்கொள்ள வாய்ப்பளிக்கப்பட்டும் விண்ணப்பதாரர் அதைத் திருத்த மறுத்தது, அவருடைய நூற்று நாற்பத்து மூன்று தோல்விகள் பற்றிய வாக்குமூலத்தின் நம்பகத்தன்மையைக் கூட்டுகிறது.’

கடைசிப் பக்கத்தில், புளியங்கொட்டைப் பசைக்கு, சொன்ன பக்குவத்தில், சொன்ன அளவில், காப்புரிமை வழங்கப்பட்டது. ‘எந்த விதைப்பசையாக இருந்தாலும்’ என்று விரித்துக் கேட்டிருந்த ஆறாம் கோரிக்கை மறுக்கப்பட்டது; மற்ற விதைகளில் இது நடக்கும் என்பதற்கு எதுவும் காட்டப்படவில்லை.

தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. பல்லடம் பேருந்தில் ஏறினாள்.

பூச்சறை வாசலிலேயே சொல்லிவிட்டாள். சென்னியம்மாள் கேட்டுவிட்டு, “செரிங்க” என்றார். அவ்வளவுதான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பிரேமின் விளிம்பைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. காளியாத்தாள் ஹுமேராவைப் பார்த்து, அழறாங்க, பாக்காதீங்க என்று கண்ணாலேயே சொன்னார். பிறகு அறைக்கே கேட்கும்படி, “அப்ப எங்கக்கா பேரு கவருமெண்டுல ஏறிப்போச்சுங்களா? இனி இவிங்கள எப்படிங்க கூப்பிடறது, டாக்டருங்களா?” என்றார்.

“கம்முனு வேலையப் பாரு” என்றார் சென்னியம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

கொஞ்சம் பொறுத்து, மறுத்தது எதை என்று கேட்டார். ஹுமேரா ஆறாம் கோரிக்கையை விளக்கினாள். மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது என்றாள். சென்னியம்மாள் துணியை மடித்து வைத்தார். அவங்க சொன்னது சரிதான் என்றார். மற்றக் கொட்டைகளில் தான் செய்துபார்த்ததே இல்லை. சேர்த்து எழுதலாம் என்று அம்மணி சொன்னதால் தலையாட்டியது. ஹுமேராவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது உண்மைதான். விரித்துக் கேட்பது முகவர்களின் பழக்கம்.

“கொத்தவரங்கொட்டை மாவு ஒரு கிலோ வாங்கி வெச்சு ஒரு மாசமாச்சுங்க” என்றார் சென்னியம்மாள். “இது முடியாம அதத் தொட வேண்டாம்னு இருந்தேன்.”

அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். நேற்றைக்கே ஊறவைத்துப் பக்குவப்படுத்தியது என்று பார்த்தாலே தெரிந்தது. எடை பார்த்து, எமல்ஷனில் போட்டு, குமிழி வராமல் மெல்லக் கலக்கினார். காளியாத்தாள் அதற்குள் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். சென்னியம்மாள் கூப்பிட்டுப் பார்த்தார், பதில் வரவில்லை.

“அம்மணி, கொஞ்சம் இழுக்கறீங்களா? நான் பிரேமைப் புடிச்சுக்கறேன்.”

மூன்று வருடமாக இந்தக் கலவையைப் பற்றி எழுதுகிறாள், பேசுகிறாள். அதைக் கையால் தொட்டதில்லை. ஹுமேரா புர்காவின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டாள். குழம்பு ஊற்றிய நீளமான பூச்சுத் தொட்டி அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அதன் விளிம்பை வலையின் அடியில் வைத்து, லேசாகச் சாய்த்து, மேலே ஒரே இழுப்பாக இழுக்கவேண்டும் என்றார் சென்னியம்மாள். நடுவில் நிற்கக் கூடாது. இழுத்தாள். பாதியில் ஒரு கணம் தயங்கினாள். தயங்கிய இடத்தில் குறுக்கே ஒரு தடித்த வரி விழுந்தது. மற்ற இடமெல்லாம் மஞ்சள் வெளிச்சத்தில் ஈரமாக, ஒரே மாதிரியாகப் பளபளத்தது.

பின்கட்டுக் கதவிலிருந்து காளியாத்தாளின் தலை எட்டிப் பார்த்தது. “கோணலாட்டப் போயிருக்குதுங்க.”

“காயட்டும்” என்றார் சென்னியம்மாள். “காஞ்சாத்தான் தெரியும்.”

பிரேமைத் தட்டில் படுக்கவைத்து விசிறியைத் திருப்பிவிட்டார். இருபது நிமிடம் ஆகும் என்றார். கோவைக்கு அடுத்த பேருந்து பத்து நிமிடத்தில் இருந்தது. ஹுமேரா கையைக் கழுவிவிட்டு வந்து, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.